கேள்விக்குறிதான் அவன் பெயர்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அலுவலக வினாடி வினாவில் ஒரு படம் காட்டினார்கள். தட்டையான மண்டை, நெற்றியில் தையல், கழுத்தின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் ஆணி. “இது யார்?” நீங்கள் “ஃபிராங்கன்ஸ்டைன்” என்றீர்கள். நடுவர் சிரித்துக்கொண்டே, “அது படைத்தவன் பெயர், படைக்கப்பட்டவனுக்குப் பெயரே கிடையாது” என்று சொல்லிப் பூஜ்யம் போட்டுவிட்டார். அது நியாயமா, மற்ற பழைய திரை அரக்கர்களின் பெயர்களிலும் இப்படிக் குழப்பம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடுவர் சொன்னது சரி. பூஜ்யம் போட்டதுதான் சரியில்லை. நானாக இருந்தால் பாதி மதிப்பெண்ணாவது கொடுத்திருப்பேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். (போகிற போக்கில்: அது ஆணியும் இல்லை. ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் மின்சாரம் உள்ளே போவதற்கான மின்வாய்களாகத்தான் அவற்றை வைத்தார். திருத்துவது என்று இறங்கிவிட்டால் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதுதான்.)

மேரி ஷெல்லியின் நாவல் வெளிவந்தது 1818இல், ஆசிரியர் பெயர் இல்லாமல். அதில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஜெனீவாக்காரன். ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் படிக்கும் மாணவன். டாக்டரும் இல்லை, பிரபுவும் இல்லை. அவையெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. அவன் உயிர் கொடுத்த அந்தப் பிறவிக்கு நாவலில் பெயர் இல்லை என்பது உண்மைதான். ஆசிரியர் மறந்துபோய் விட்டதாக நினைக்க வேண்டாம், கதையின் முதுகெலும்பே அதுதான். கண் திறந்த அந்த உருவத்தைப் பார்த்ததும் விக்டர் அறையை விட்டு ஓடிவிடுகிறான். பெற்றவன் முகம் பார்க்கவே மறுத்த பிள்ளைக்கு யார் பெயர் வைப்பது? பிசாசு, பேய், ஈனப்பிறவி என்று வசைகள்தான் அதன் மீது விழுகின்றன. நான் உனக்கு ஆதாமாக இருந்திருக்க வேண்டியவன் என்று அதுவே விக்டரிடம் முறையிடும் இடம் ஒன்று உண்டு. சிலர் அதைப் பிடித்துக்கொண்டு ‘அதன் பெயர் ஆடம்’ என்று இன்னொரு திருத்தம் போடுகிறார்கள். அதுவும் தவறு. அது ஏக்கம், பெயர் அல்ல.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். பிள்ளை என்றால் குடும்பப் பெயர் தானாக வந்து சேராதா? தகப்பன் ஃபிராங்கன்ஸ்டைன் என்றால் மகனும் ஃபிராங்கன்ஸ்டைன்தானே? நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் தகப்பன் பெயர் இனிஷியலாக வர வேண்டும். இனிஷியல் மட்டும் இருந்து பெயர் இல்லாத ஒருவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது வேறு சங்கடம். வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாவலைப் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். காரணம் ஒரே ஒரு காட்சி.

ஜெனீவாவுக்கு வெளியே ஒரு சிறுவன் ஓடி வருகிறான். இவ்வளவு சின்னவனுக்கு முகத்தைப் பார்த்து அருவருக்கக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள், இவனைத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிறவி அவனைப் பிடிக்கிறது. சிறுவன் திமிறுகிறான். என் அப்பா பெரிய அதிகாரி, அவர் பெயர் ஃபிராங்கன்ஸ்டைன், உன்னைத் தண்டிப்பார் என்று கத்துகிறான். அதுவரை அந்தப் பிறவிக்குக் கொலை எண்ணமே இல்லை. அந்தப் பெயர் காதில் விழுந்த பிறகுதான், நீ என் எதிரியின் வீட்டைச் சேர்ந்தவனா என்று கழுத்தை நெரிக்கிறது. சிறுவன் வில்லியம், விக்டரின் தம்பி. ஆக, உலகத்தில் எந்தப் பெயரைக் கேட்டால் அதற்கு ரத்தம் கொதிக்குமோ, அந்தப் பெயரையே நாம் அதன் நெற்றியில் ஒட்டிவைத்திருக்கிறோம். நடுவர் பக்கம் எனக்கு அனுதாபம் வருவது இந்த ஒரு காட்சியால்தான்.

ஆனால் இந்தத் தவறை நீங்கள் செய்யவில்லை, சினிமாகூடத் தொடங்கிவைக்கவில்லை. மேரி ஷெல்லி உயிரோடு இருந்தபோதே எலிசபெத் கேஸ்கல் 1848இல் எழுதிய ‘மேரி பார்ட்டன்’ நாவலில், படைப்பை நினைத்துக்கொண்டு ஃபிராங்கன்ஸ்டைன் என்று எழுதிவிட்டார். அவருக்கு யாரும் பூஜ்யம் போட்டதாகத் தெரியவில்லை.

மேடையும் திரையும் இந்த வெற்றிடத்தை வைத்து நன்றாகவே விளையாடியிருக்கின்றன. 1823இல் லண்டனில் நாவலை நாடகமாகப் போட்டபோது, நடிகர் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டும் அச்சிட்டார்கள். மேரி ஷெல்லியே போய்ப் பார்த்தார். பெயரிட முடியாததை இப்படிப் பெயரில்லாமல் பெயரிட்டது நன்றாகத்தான் இருக்கிறது என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1931இல் யுனிவர்சல் நிறுவனம் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் படம் எடுத்தபோது அதே உத்தி திரும்பி வந்தது. தொடக்கப் பட்டியலில் ‘அரக்கன்’ என்று போட்டு, நடிகர் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி. படம் முடிந்த பிறகுதான் போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் வரும். படத்தின் விளம்பர வாசகமும் ‘அரக்கனைப் படைத்த மனிதன்’ என்று தெளிவாகவே சொன்னது. அதாவது 1931 வரை ஸ்டூடியோ உங்கள் நடுவரின் கட்சி.

அதே பட்டியலில் இன்னொரு வேடிக்கை. மூல நாவல் ‘திருமதி பெர்சி பி. ஷெல்லி’ எழுதியது என்று போட்டிருப்பார்கள். மேரி என்ற பெயரே இல்லை. படைத்தவன் பெயர் படைப்புக்குப் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள், படைத்தவளின் பெயர் கணவன் பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டதைக் கவனிப்பதில்லை. இன்னும் ஒன்று: நாவலில் விக்டராக இருந்தவன் படத்தில் ஹென்றி ஆகிவிட்டான், விக்டர் என்ற பெயர் அவனுடைய நண்பனுக்குப் போய்விட்டது. கார்லாஃப் படத்தைக் காட்டி ‘இவனைப் படைத்தவன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று உங்கள் நடுவர் சொல்லியிருந்தால், அவருக்கும் பூஜ்யம்தான்.

திரைக்கதை யாருடைய நாடகத்தைத் தழுவியதோ அந்தப் பெகி வெப்ளிங், 1927இல் மேடையேறிய தம் நாடகத்தில், ஃபிராங்கன்ஸ்டைன் தன் பெயரையே படைப்புக்கும் வைப்பதாக எழுதியிருக்கிறார். படத்தின் நேர் மூதாதையான அந்த நாடகத்தில், உங்கள் பதில் முழுச் சரி. பாதி மதிப்பெண் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவே முதல் ஆதாரம்.

இரண்டாவது ஆதாரம், ஸ்டூடியோ கட்சி மாறிய கதை. 1935இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ படத்தின் தலைப்பை நேராகப் படித்தால் அது ஹென்றியின் மனைவி எலிசபெத்தைத்தான் குறிக்க வேண்டும். ஆனால் நிமிர்ந்த கூந்தலில் மின்னல் போல வெள்ளைக் கோடு ஓடும் அந்தப் பெண் எழுந்து நிற்கும்போது, டாக்டர் பிரிடோரியஸ் இதோ ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகள் என்று படத்துக்குள்ளேயே அறிவித்துவிடுகிறார். (அவளுக்கும் பட்டியலில் கேள்விக்குறிதான். அந்த வேடத்தில் நடித்த எல்சா லான்செஸ்டர் அதே படத்தில் மேரி ஷெல்லியாகவும் வருகிறார், அதற்கு மட்டும் பெயர் போட்டிருக்கிறார்கள்.) 1939இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைனின் மகன்’ படத்தில் இந்தக் குழப்பத்தையே நகைச்சுவையாக்கிவிட்டார்கள். மகன் வுல்ஃப் ரயிலில் சொந்த ஊர் போய்க்கொண்டிருக்கிறான். பத்தில் ஒன்பது பேர் என் அப்பாவின் சோதனையில் பிறந்த அந்தக் கோணல் பிறவியைப் போய்... என்று மனைவியிடம் புலம்பத் தொடங்குகிறான். வாக்கியம் முடிவதற்குள் ரயில்வே ஊழியர் “ஃபிராங்கன்ஸ்டைன்!” என்று கூவுகிறார். ஊரின் பெயரும் அதுதான், நிலையம் வந்துவிட்டது. 1943இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன் ஓநாய் மனிதனைச் சந்திக்கிறான்’ என்று தலைப்பு வைத்தபோது வெட்கம் முழுதாகப் போய்விட்டது. ஓநாய் மனிதனோடு மோதுவது படைத்தவன் இல்லை என்பது சுவரொட்டியைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

ஆக நாவலை வைத்துப் பேசினால் ஒரு விடை, படத்தை வைத்துப் பேசினால் வேறு விடை. உங்களுக்குக் காட்டியது நாவலின் பக்கம் அல்ல, யுனிவர்சலின் முகம்.

அடுத்தது இகோர். ஆய்வுக்கூடத்தில் நெம்புகோலை இழுக்கும் கூனன் பெயர் இகோர் என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். நாவலில் உதவியாளரே இல்லை. 1931 படத்தில் கூனன் இருக்கிறான், ஆனால் அவன் பெயர் ஃபிரிட்ஸ். 1939 படத்தில் இகோர் என்று ஒருவன் வருகிறான், ஆனால் அவன் கூனனும் இல்லை, உதவியாளனும் இல்லை. தூக்கில் போட்டும் சாகாமல் கழுத்து எலும்பு முறிந்து பிழைத்த கொல்லன். பெலா லுகோசி அற்புதமாக நடித்த வேடம் அது, டிராகுலாவைவிட இதில்தான் அவர் நன்றாகச் செய்தார் என்பது என் கட்சி. மக்கள் மனம் ஃபிரிட்ஸின் முதுகையும் இகோரின் பெயரையும் சேர்த்துத் தைத்துக்கொண்டது. ஃபிராங்கன்ஸ்டைன் பிணங்களைத் தைத்தது போலத்தான்.

கூட ஒரு சிக்கலும் இருக்கிறது. 1942இல் வந்த அடுத்த படத்தின் முடிவில் இகோரின் மூளையை எடுத்து அரக்கனின் தலைக்குள் வைத்துவிடுகிறார்கள். அரக்கன் எழுந்து இகோரின் குரலிலேயே பேசுகிறான். அப்படியானால் 1943 படத்தில் நடமாடும் அந்த உருவத்தின் சட்டப்படியான பெயர் இகோர் என்றுதான் வாதாட வேண்டும். இதை உங்கள் நடுவரிடம் கேட்டு, அவர் முகம் போகும் போக்கைப் பாருங்கள்.

டிராகுலாவுக்கு வருவோம். இங்கே குழப்பம் வேறு மாதிரி. நகல் எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்கிற மாதிரி, கோரைப்பல் முளைத்த எதையும் டிராகுலா என்கிறோம். டிராகுலா ஓர் ஆளின் பெயர். இனத்தின் பெயர் வேம்பையர், தமிழில் ரத்தக் காட்டேரி என்று வழங்கிவிட்டது. பிராம் ஸ்டோக்கர் தம் குறிப்புகளில் முதலில் அந்தப் பிரபுவுக்கு வைத்த பெயர் கவுண்ட் வாம்பிர். திருடனுக்குத் திருடன் என்றே பெயர் வைத்த மாதிரி, எல்லாம் முதல் பக்கத்திலேயே தெரிந்துபோயிருக்கும். 1890 கோடையில் இங்கிலாந்தின் விட்பி என்ற கடற்கரை ஊரில் விடுமுறைக்குத் தங்கியிருந்தபோது, அங்கிருந்த நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் 1820இல் வாலாக்கியா (இன்றைய ருமேனியாவின் தென்பகுதி), மால்டேவியா நாடுகளைப் பற்றி எழுதிய புத்தகம் அவர் கையில் சிக்கியது. அதில் ஓர் அடிக்குறிப்பு: வாலாக்கிய மொழியில் டிராகுலா என்றால் பிசாசு. வாம்பிரை அடித்துவிட்டு டிராகுலா என்று எழுதினார். 1897இல் நாவல் வந்தது.

டிராகுலா என்றால் பிசாசு என்று பலரும் சொல்வது இந்த அடிக்குறிப்பின் பேரப்பிள்ளைதான். உண்மைக் கதை இன்னும் சுவையானது. வாலாக்கியாவை ஆண்ட இரண்டாம் விளாத், 1431இல் டிராகன் வீரர் அணியில் சேர்க்கப்பட்டான். அதனால் டிராகுல் என்று பட்டம் வந்தது. அவன் மகன் மூன்றாம் விளாத் ‘டிராகுலா’, அதாவது டிராகுலின் மகன். இனிஷியல் மட்டுமே பெயராகிப்போன ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஃபிராங்கன்ஸ்டைனின் பிள்ளைக்குக் கிடைக்காதது இவனுக்குக் கிடைத்திருக்கிறது. இன்றைய ருமேனிய மொழியில் ‘டிராக்’ என்றால் பிசாசு என்பதால், டிராகன் மெல்லப் பிசாசாக மாறிவிட்டது.

எதிரிகளைக் கழுவேற்றிய அந்த விளாத்தான் ஸ்டோக்கரின் டிராகுலா என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஸ்டோக்கரின் குறிப்புகளில் விளாத் என்ற பெயரும் இல்லை, கழுமரமும் இல்லை. எடுத்துக்கொண்டது பெயரையும் துருக்கியரோடு நடந்த போர்கள் பற்றிய ஒன்றிரண்டு வரிகளையும்தான். நாவலின் டிராகுலா தன்னை செக்கெலி இனத்தான் என்று பெருமையடிக்கிறான், விளாத் அந்த இனத்தவன் அல்ல. விளாத் ஆண்டது வாலாக்கியா, நாவல் கோட்டை டிரான்சில்வேனியாவில். பெயர் ஒருவனுடையது, உடம்பு வேறொருவனுடையது.

‘நோஸ்ஃபெராட்டு’ பற்றி ஒரு வார்த்தை. 1922இல் முர்னாவ் எடுத்த அந்த ஜெர்மன் ஊமைப்படத்தின் மொட்டைத்தலை, நீண்ட நகப் பிரபுவின் பெயர் நோஸ்ஃபெராட்டு அல்ல, கவுண்ட் ஓர்லோக். ஸ்டோக்கர் குடும்பத்திடம் உரிமை வாங்காமல் எடுத்ததால் டிராகுலா ஓர்லோக் ஆனான், நாவலில் அவன் கோட்டைக்குப் போகும் ஹார்க்கர் ஹுட்டர் ஆனான். பெயரை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கும்படி நீதிமன்ற உத்தரவு வாங்கினார். தப்பிப் பிழைத்த பிரதிகளால்தான் இன்று படம் இருக்கிறது. நோஸ்ஃபெராட்டு என்ற சொல்லோ இன்னும் விசித்திரம். எமிலி ஜெரார்ட் 1885இல் எழுதிய கட்டுரையில், டிரான்சில்வேனிய மக்கள் ரத்தக் காட்டேரியை இப்படி அழைக்கிறார்கள் என்று சொல்ல, ஸ்டோக்கர் அப்படியே எடுத்துக்கொண்டார். ருமேனிய மொழியில் அப்படி ஒரு சொல்லே இல்லை. ‘பொறுக்கவொண்ணாதவன்’ என்று பொருள்படும் ‘நெசுஃபெரிட்’ என்ற சொல் காது மாறி இப்படி ஆகியிருக்கலாம் என்பது ஓர் ஊகம். யாரோ தவறாகக் கேட்ட சொல் உலகத்தின் மிக அழகான திகில் படத் தலைப்பாகிவிட்டது. இதைத் திருத்தச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

மம்மி விஷயம் சுருக்கமானது. துணிக்கட்டோடு காலை இழுத்து இழுத்து நடக்கும் மம்மியை இம்ஹோடெப் என்பார்கள். 1932 படத்தில் இம்ஹோடெப் துணிக்கட்டில் தெரிவது தொடக்கக் காட்சியில் மட்டும்தான், பிறகு அர்தத் பே என்ற பெயரில் நாகரிகமான எகிப்தியனாக உலவுகிறான். கட்டோடு நடக்கும் மம்மி 1940இல் தொடங்கிய வரிசையின் காரிஸ். உண்மையான இம்ஹோடெப் சக்காராவின் படிப் பிரமிடோடு பெயர் பிணைந்த மந்திரி, பிற்காலத்தில் மருத்துவக் கடவுளாக வணங்கப்பட்டவர். இந்தப் பட்டியலிலேயே அதிகம் அவதூறுக்கு ஆளானவர் அவர்தான்.

ஜப்பானியக் காட்ஸில்லாவில் ‘காட்’ என்று கடவுள் இருப்பதாகவும், அமெரிக்கர்கள் கடவுளையும் பல்லியையும் ஒட்டிப் பெயர் செய்ததாகவும் நம்புகிறவர்கள் உண்டு. 1954 படத்தின் பெயர் கோஜிரா. ‘கொரிரா’ என்றால் கொரில்லா, ‘குஜிரா’ என்றால் திமிங்கிலம், இரண்டையும் ஒட்டியது. திரையில் பார்த்தால் குரங்கும் இல்லை, திமிங்கிலமும் இல்லை என்பது வேறு விஷயம். படத்துக்குள் சொல்லும் காரணம் தனி: ஓடோ தீவின் பழைய கதைகளில் வரும் கடல் அரக்கனின் பெயர் அது. கடவுள் வந்தது ஆங்கில எழுத்துக்கூட்டலின் தயவில். தமிழ் எழுத்தில் ‘கோஜிரா’ என்று கிட்டத்தட்ட அப்படியே எழுத முடியும், இருந்தும் நாம் ஆங்கிலத்தின் வாலைப் பிடித்துக் காட்ஸில்லா என்கிறோம். 1955இல் வந்த இரண்டாம் படத்தை அமெரிக்காவில் 1959இல் ‘ஜைகாண்டிஸ்’ என்ற வேறு பெயரில் வெளியிட்டார்கள் என்பதைப் பார்த்தால், காட்ஸில்லாவே பரவாயில்லை என்று தோன்றுகிறது.

மீதியை விரலால் தொட்டுவிட்டுப் போகிறேன். கிங் காங்கின் பெயர் காங் மட்டும்தான். ‘கிங்’ என்பது நியூயார்க்கில் டிக்கெட் விற்பதற்காக ஒட்டிய பட்டம். ஹைடு என்ற கொடியவனாக மாறும் டாக்டரை ஜெகில் என்று நாம் சொல்கிறோம், அவரைப் படைத்த எழுத்தாளர் ஸ்டீவன்சன் ‘ஜீக்கில்’ என்று உச்சரிக்க விரும்பினார், 1931 படத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்தைத்தான் இன்றைய ஜாம்பி படங்களின் தாய் என்கிறோம், அதன் வசனத்தில் ஜாம்பி என்ற சொல் ஒருமுறைகூட வராது. ‘கூல்’ என்றுதான் வரும், பிணம் தின்னும் பேய்க்கு அரபு மொழி கொடுத்த சொல்.

பறிபோன மதிப்பெண்ணுக்காக மேல்முறையீடு செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. வெப்ளிங்கின் நாடகத்தையும் 1943 தலைப்பையும் காட்டுங்கள். அவர் அசையவில்லை என்றால், படத்தில் இருப்பவர் யார் என்று திருப்பிக் கேளுங்கள். போரிஸ் கார்லாஃப் என்பார். அது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். பிறந்தபோது வைத்த பெயர் வில்லியம் ஹென்றி பிராட். ஊர் லண்டன், அப்பா இந்தியாவில் பிரிட்டிஷ் அரசின் உப்பு வரித் துறை அதிகாரி. பூஜ்யத்தை அவருக்கும் போட்டுவிட்டு வாருங்கள்.